நாலாவது கட்டத்தைத் தொடாதே

அபெர்டேர்
மார்ச் 4

அன்பு மகள் கேரிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்க அப்பாவும் அவரோட முட்டிவலியும் சுகம். நியூசிலாந்தில் நீயும் உன் தாடிக்காரனும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன், தாடி இன்னும் இருக்கான்னு எழுது. போன் இருக்கும்போது இதென்ன காகிதம்னு நினைப்பே. போன்ல சொன்னா நடுவுல புகுந்து திட்டுவே, கடிதத்துக்குள்ள புகுந்து திட்ட முடியாது பாரு, அதான். மூணு வாரமா மழை விடல, கூரை ஒழுகுது, உங்க அப்பா சரி பண்றேன்னு ஏணியில் ரெண்டு படி ஏறிப் பார்த்துட்டு இறங்கி வந்து டீ கேட்டார்.

விஷயத்துக்கு வரேன். என் நாலு மாத்திரையையும் மாசாமாசம் நீதான் அங்கிருந்தே போன்ல நாலு கட்டத்தில் டிக் அடிச்சு நம்ம டாக்டர் கிளினிக்குக்கு அனுப்புறே, ரெண்டு நாள் கழிச்சு அப்பா மருந்துக்கடையில் பையை வாங்கிக்கிட்டு, அப்படியே வறுத்த மீனும் சிப்ஸும் வாங்கிட்டு வரார். பதினோரு மாசத்தில் ஒரு தடவைகூடத் தவறலன்னு அப்பாகிட்ட பெருமை அடிச்சியாமே. வாங்கினதில் தவறலதான் கண்ணு, விழுங்கினதிலதான். மத்த மூணும் ஒழுங்காத்தான் போட்டேன். பிரஷருக்குக் குடுத்த அந்த நீர் மாத்திரை, நாலாவது, இருக்கே, ஏழு மணிக்குப் போட்டா எட்டரைக்கெல்லாம் பாத்ரூமுக்கு ஓட வைக்குது. எட்டரைக்கு நான் எங்கே இருப்பேன், பள்ளிக்கூடத்து முன்னால நடு ரோட்டில, மஞ்சக் கோட்டு மாட்டி, 'நில்' பலகையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. அதைக் காட்டி லாரியை நிறுத்தலாம், இதை நிறுத்த முடியுமா, பிள்ளைங்களை விட்டுட்டு ஓடவும் முடியாது. அதனால பள்ளிக்கூட லீவில் மட்டும் போட்டேன். அந்த மாத்திரை வேணாம்னா ஏன்னு நீ கேப்பே, அதனால வாங்கி வாங்கி கிறிஸ்துமஸ் மரம் வைக்கிற அட்டைப்பெட்டிக்குள்ள ஒளிச்சேன். இப்போ எட்டு டப்பா இருக்கு.

போன செவ்வாய் வருஷப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்க, அது முடியாம அடுத்த மருந்துச்சீட்டு தரமாட்டாங்களே. நர்ஸ் யாருன்னு நினைக்கிறே, டெகன், உனக்கு ரெண்டு வகுப்பு கீழே படிச்சாளே, எப்பவும் ஒரு ஷூ கயிறு அவிழ்ந்தே கிடக்கும், தினம் நான் ரோடு தாண்டி விட்ட பொண்ணு. கையில் பட்டையைச் சுத்தினா, நூத்தி எண்பத்திரெண்டு. மறுபடி சுத்தினா, அதேதான். கம்ப்யூட்டரைப் பார்த்தா, பதினோரு மாசமும் தேதி தவறாம வாங்கியிருக்கு, எல்லாம் உன் கைங்கரியம். பாவம் ஆன்ட்டி, இவ்வளவு ஒழுங்கா போட்டும் இறங்கலையே, இந்த மாத்திரை பத்தல, டாக்டர்கிட்ட இன்னொண்ணு சேர்க்கச் சொல்றேன்னு எழுதவே ஆரம்பிச்சுட்டா. எனக்குச் சிரிப்பு போயிடுச்சு. போடாம விட்டா தலைக்குள்ள ஏதாவது வெடிக்கும், பயந்து பழசையும் புதுசையும் சேர்த்துப் போட்டா பிரஷர் சட்டுனு இறங்கி மயங்கி நடு ரோட்டில விழுவேன், சுத்தி பிள்ளைங்க நிப்பாங்க. நைசா நழுவலாம்னு கோட்டை மாட்டிக்கிட்டு எழுந்தேன், அப்புறம் உட்கார்ந்தேன். "எழுதாதே டெகன். மாத்திரை மேல குத்தமில்ல, நான்தான் அதை வாய்க்குள்ள விடல"ன்னு சொல்லிட்டேன்.

காரணத்தைச் சொன்னதும் சிரிப்பான்னு பார்த்தேன், சிரிக்கல. ஏழு மணிக்கே போடணும்னு யார் சொன்னாங்க, காலை வேலை முடிச்சு வீட்டுக்கு வந்து போடுங்க, மூணு மணிக்குப் பள்ளி விடறதுக்குள்ள அடங்கிடும்னா. அவ்வளவுதான்டி. ஒரு கேள்வி கேக்க வெக்கப்பட்டு பதினோரு மாசம். புது மாத்திரை இப்போதைக்கு இல்லை, ரெண்டு வாரத்தில் மறுபடி வரணும். கிளம்பும்போது சொல்றா, "அப்ப நீங்க நில்லுன்னா நாங்க நின்னோம்ல ஆன்ட்டி, இப்ப நான் போடுங்கன்னா நீங்க போடணும்."

அப்பாகிட்டேயும் சொல்லிட்டேன். எட்டு டப்பாவையும் மேஜையில் அடுக்கி வச்சுட்டு, கிறிஸ்துமஸ் மரத்துக்கு இப்போ பிரஷர் நல்லா இருக்குமேன்னார். தேதியெல்லாம் பார்த்துட்டார், எதுவும் கெட்டுப்போகல. அதனால இனிமே மூணு கட்டத்தில் மட்டும் டிக் அடி, நாலாவதைத் தொடாதே, இருக்கிறதே அக்டோபர் வரைக்கும் வரும். அதுவரை அம்மா போட்டியா போட்டியான்னு கேக்காதே, நான் போட்டேன்னு சொன்னாலும் நம்பாதே, நம்புற மாதிரியா நடந்தேன். அக்டோபர்ல ஒரு நாள் எட்டு டப்பாவும் தீர்ந்துடுச்சு, நாலாவதையும் அடிடின்னு நானே எழுதுவேன், அன்னைக்கு நம்பு. அந்தக் கடிதம் வரலைன்னா போன் பண்ணி ஆசைதீரத் திட்டு.

அங்கே குளிர் ஆரம்பிக்குதாமே, கம்பளிக் காலுறை போடு. நீயும் தாடியும் நோய்நொடியில்லாம நூறு வருஷம் இருங்க.

இப்படிக்கு,
இன்னிக்குக் காலை ஒன்பதே முக்காலுக்கு விழுங்கின உன் அம்மா,
டெலித்