மச்சானோடு ஒரே படகில்

மார்ச் 1, சனி

காற்றே இல்லை. துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி பாய் தொங்குகிறது. கொச்சியை விட்டு ஆறாம் நாள். போர்ட் பிளேர் போய்ச் சேர இன்னும் பத்து நாளாவது ஆகும். படகில் மச்சானும் நானும் மட்டும். பத்து நாள்!

இன்றைய வேலை: பாய்க் கயிறு ஒன்று மாற்றியது. ஸ்டவ் பர்னர் குத்தியது. டீசல் ஃபில்டர் நாளைக்கு.

காலையில் முகம் கழுவ ஒரு கப் தண்ணீர் எடுத்ததற்குப் பிரசங்கம். "மாப்ள, தண்ணியப் பாத்துச் செலவழிங்க. இது ஒங்க ராஜபாளையம் இல்ல."

"ராஜபாளையத்துல மட்டும் தெனமுமா தண்ணி வருது மச்சான்?"

சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குச் சிரிப்பு வராது. நேவியில் இருபது வருஷம் இருந்தானாம். இதுவரை நூறு தடவை சொல்லியாயிற்று. என் பெண்டாட்டி ஸ்டெல்லாவுக்கு அண்ணனாகப் போனான், இல்லையென்றால் நல்லாக் கேட்டிருப்பேன்.

வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணம் ஒன்றுதான். படகு சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தால் ஓனர் அவனை நிரந்தரக் கேப்டனாகவும் என்னை மெக்கானிக்காகவும் வைத்துக்கொள்வார். மில்லை மூடிப் பத்து மாதம். வீட்டில் நானும் டிவியும்.

மார்ச் 2, ஞாயிறு

வெக்கை. ஜெபம் பண்ணவில்லை.

புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீர் சொட்டு அதிகம் என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். இன்று 9 மணிக்கு ஒருவழியாக அந்த கிளாண்ட் நட்டை இறுக்கினான். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். "அம்புட்டுதான். ரொம்ப இறுக்குனா ஷாஃப்ட் சூடாயிரும். செத்த சொட்டணும். மிச்சத்த பம்பு பாத்துக்கிடும்." சரியாகத்தான் இறுக்கினான். ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை.

3 மணி. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுகிற அந்த பம்ப் உறுமுகிறது, இறைக்கவில்லை. கை வைக்கும் முன் அதன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனும் போட்டேன். மில்லில் பதினெட்டு வருஷப் பழக்கம். ஃபியூஸ் ஃபிட்டர் பையில் இருந்தால் எந்த மடையனும் மிஷினை ஓட்டிவிட முடியாது. என் பத்து விரலும் பத்தாக இருப்பது அதனால்தான். பம்பைத் திறந்தால் வலையில் என்ன? பால்கோவா சுற்றிய பட்டர் பேப்பர்! நேவித் துரை எனக்குத் தெரியாமல் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கீழே விட்டிருக்கிறார்.

பம்பை மாட்டி முடிக்கிறேன், மேலேயிருந்து சத்தம். "ஏலே எட்வினு! மேல வாலே! பாய எறக்குலே!"

ஏலே. என்னை. தங்கச்சி புருஷனை!

ஓடினேன். கருத்த மேகம், பேய்க்காற்று, மழை, படகுக்குள் அடிக்கிற அலை. மூன்று மணி நேரம் இரண்டு பேரும் பாயோடு மல்லுக்கட்டினோம். பிறகு இன்ஜினைப் போட்டான், விடியும்வரை ஓடட்டும் என்று. காக்கிச் சட்டை தொப்பல். கழற்றி மூலையில் எறிந்தேன். அவனோடு பேச்சு இல்லை. ஏலேயாம்.

மார்ச் 3, திங்கள்

விடிந்து படுக்கையை விட்டுக் காலை வைத்தால் முழங்காலுக்குத் தண்ணீர். இன்ஜின் நின்றுபோயிருந்தது.

கைப்பம்பும் வாளியுமாக மத்தியானம்வரை இறைத்தோம். படகு முங்கவில்லை, கர்த்தர் புண்ணியம். போனவை: ஸ்டார்ட்டர் மோட்டார். பேட்டரி இரண்டும். அரிசி பாதி. அவன் பயண விவரம் எழுதும் லாக் புக், கூழாக. இந்த டைரி மேல் அலமாரியில் இருந்ததால் பிழைத்தது. பால்கோவா டப்பா மிதந்து வந்தது. எடுத்துக் கடலில் வீசினேன்.

"கிளாண்ட இறுக்குன லட்சணமா இது?" கத்திவிட்டேன். எட்டு நாள் கோபம்.

"பம்பு ஏன் ஓடல மாப்ள?"

"பேட்டரியே முங்கிட்டு. பம்பு எப்படி ஓடும்?"

வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனான். நல்லா வேணும்.

மார்ச் 5, புதன்

காற்று பரவாயில்லை. இனி பாய் மட்டும்தான்.

சாட்டிலைட் போனில் ஓனர். அவன் பேசியது எனக்குக் கேட்டது. "என் தப்புதான் சார். கிளாண்ட் சரியா இறுக்கல. மாப்ள மேல ஒண்ணுமில்ல. அவரு நல்ல ஃபிட்டர்."

முடிவு: போர்ட் பிளேரில் படகை விட்டுவிட்டு அவன் ஊருக்குப் போகலாம். நான் இருக்கலாம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே. படுகிறேன்.

சாயந்தரம் அவனுடைய தட்டிலிருந்த மீனை எனக்குத் தள்ளினான். "இறுக்குன மாதிரிதான் ஞாபகம் இருக்கு மாப்ள. வயசாயிட்டு போல." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். நடிப்பு என்று நினைத்து மீனைத் தின்றேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் நல்ல மழை. வாளியில் பிடித்துத் துணி துவைத்தேன். லுங்கி 2, துண்டு, காக்கிச் சட்டை.

சட்டையைக் கும்மும்போது பையில் என்னமோ கட்டியாக. பட்டனைக் கழற்றினேன்.

ஃபியூஸ்.

வாளியைத் தட்டிவிட்டிருக்கிறேன். சோப்புத் தண்ணீர் முழுக்க ஓடிப்போயிற்று. பம்பை மாட்டினேன், ஃபியூஸை மாட்டவில்லை. உள்ளே அடித்த அலைத் தண்ணீரை இறைக்க பம்ப் ஓடவேயில்லை. ஒரு 'ஏலே'யை மென்றுகொண்டே தூங்கப் போயிருக்கிறேன். மடையன், மடையன்.

கடலில் போட்டால் ஒரு நொடி. கை போகவும் செய்தது.

அப்போதுதான் வந்து நின்றான். "மாப்ள, என்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஓனர் எழுத்துல கேக்காரு. லாக் புக்கு போச்சு. நீங்கதான் தெனமும் எழுதுதியளே. அத செத்த தாங்க. நான் கிளாண்ட தொட்ட தேதிய மட்டும் பாத்துட்டுத் தாரேன்."

"இன்னைக்குள்ளத எழுதிட்டுத் தாரேன்."

மேலே சுக்கான் பக்கத்தில் காத்திருக்கிறான். பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான், தெளிவாக. 9 மணிக்கு அவன் சரியாக இறுக்கியது. 3 மணிக்கு நான் பையில் போட்டது. கிழிக்கலாம் என்றால் தைத்த நோட்டு, ஒரு தாள் போனால் இன்னொன்றும் உதிரும். அவனுக்கா தெரியாமல் போகும்.

ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது? மறுபடியும் நானும் டிவியும்.

அவனைத் திட்டி எழுதியதையெல்லாம் படிப்பான். படிக்கட்டும்.

"மாப்ள, எழுதியாச்சா?"

ஆச்சு மச்சான். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பாருங்கள். ஃபியூஸை அதில்தான் வைத்திருக்கிறேன்.