வென்டிலேட்டரில் அடைத்த போர்வை

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பெர்சிஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்னை அங்கே சுகமாய் வைத்திருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்குச் சளி, அதனால்தான் பேசவில்லை என்று போனில் சொன்னது பொய். போன வியாழக்கிழமை நம் இன்வெர்ட்டர் பேட்டரி வெடித்து, ஆசிட் தெறித்து, வலது கண்ணில் கட்டோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை அரக்கோணத்தில் கட்டுப் பிரிக்கிறார்கள், பார்வையைப் பற்றி அதற்குமுன் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மறைத்ததை மன்னித்துவிடு.

மலையிலிருந்து வரும் குரங்குகள் ஸ்டோர் ரூம் வென்டிலேட்டர் வழியாக இறங்கி அரிசியைக் கொட்டுகின்றன என்று நான்தான் அதில் பழைய போர்வையைத் திணித்தேன். பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது என்று யோசிக்கவில்லை. பகலெல்லாம் அது சார்ஜ் ஏறியிருந்தது. சாயங்காலம் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் நின்றுவிட, பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கும் என்று அப்பா மூடியைத் திறந்து, உள்ளே பார்க்கத் தீக்குச்சி கிழித்தார். சார்ஜ் ஏறும்போது அதிலுள்ள தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியே வரும், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. வெளியேற வழி இல்லாவிட்டால் நிறமோ வாசனையோ இல்லாமல் அறையிலேயே கலந்து கிடக்கும். ஒரு பொறி பட்டால் அத்தனையும் நொடியில் மறுபடி தண்ணீராகும், அப்போது வெளிவரும் சூடுதான் வெடிப்பது. பள்ளிக்கூட லேபில் ஹைட்ரஜன் பிடித்த சோதனைக் குழாய் வாயில் நெருப்பைக் காட்டினால் பொப்பென்று சத்தம் வரும், குழாயின் உள்ளே பனி படியும். அந்தப் பனிதான் தண்ணீர் என்று எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அன்று அப்பாவின் முகத்தை விடாமல் கழுவ வைத்த பக்கத்து வீட்டுத் தேவயானி மறுநாள், "ஏம்மா பெபி, கொரங்குக்கு பயந்துகினு காத்தையே வெளிய நிறுத்திட்டியே" என்றாள். அப்பாவோ, "உன்னப் பாக்க ஒரு கண்ணு போதும்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூக்கமும் வரவில்லை, உன்னை நினைத்து. ஹைட்ரஜன் ஆலையில் வேலை, அது எரிந்தாலும் வருவது வெறும் தண்ணீர்தான், பயப்படாதே என்றாய். போன மாதம், "கேஸ் அலாரம் சும்மா கத்திகினே கீதும்மா, துணி சுத்தி வெச்சிட்டோம்" என்றும் சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தத் துணியை எடுத்துவிடு, பாப்பா. அது கத்தினால் வெளியே ஓடி வா. பயந்தாங்கொள்ளி என்று கூட இருப்பவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். எடுத்தேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பயமாவது எனக்குக் குறையும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நான் போர்வையை எடுத்துவிட்டேன். நேற்று குரங்கு வந்து அரை மூட்டை அரிசியைக் கொட்டிவிட்டுப் போயிற்று. கொட்டட்டும்.

உன் அம்மா,
பெபி