ஓட்டுப்பெட்டி காத்த கதை

அன்புள்ள ராசாத்தி அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் காவல் பார்க்கும் அடையாறு குடியிருப்பில் சங்கத் தேர்தல் வந்தால் ரத்தம் சிந்தும் என்று பொங்கலுக்கே சொன்னேனே, அப்படியே நடந்துவிட்டது.

தேர்தல் நடத்திய ஹாஜிரா பீ டீச்சர், "பெட்டி வெச்சா மட்டும் ஜனநாயகம் வந்துடாதுப்பா. காக்க ஆள் வேணும். தைரியமா செஞ்சு செஞ்சுதான் தைரியசாலி ஆவ முடியும்னு அரிஸ்டாட்டில் சொல்லியிருக்காரு" என்றார். அந்த அரிஸ்டாட்டில் அலெக்சாண்டருக்கே வாத்தியாராம், நம் மதுரைக்கும் வந்துபோயிருப்பார்.

எண்ணும்போது தோற்பது தெரிந்ததும் செயலாளர் பத்ரிநாராயணன் இரும்பு நாற்காலியைத் தூக்கினார். "பெட்டிய குடுய்யா!" தடுத்த ஒருவருக்குப் பல் தெறித்தது, சுவரெல்லாம் ரத்தம். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். நாற்காலி இறங்கிக் கையெலும்பு நொறுங்கியும் விடவில்லை.

பார்த்த நாற்பது பேரும் இப்போது எதுவும் தெரியாது என்கிறார்கள். திங்கட்கிழமை போலீசில் நான்தான் சாட்சி. செயலாளர் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும். சாட்சி சொல்லப் போட என் வெள்ளைச் சட்டையைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பு.

பிள்ளைகளிடம் சொல்லாதே, அக்கா. நிஜத்தில் பெட்டியை அணைத்துக்கொண்டது டீச்சர், கை நொறுங்கியதும் அவருக்குத்தான். நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தைரியமாக ஒன்றைச் செய்ய நான் திங்கட்கிழமைதான் ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி,
மாணிக்கவேல்