வளைவு மரம் பற்றிய தீர்மானம்

பென்லோ,
மார்ச், வியாழக்கிழமை காலை

அன்பு மகன் எல்லிஸுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்து வாரக்கணக்காகிறது. பதில் போட உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மே மாதம் சிறையிலிருந்து விடுகிறார்கள், நேரே வீட்டுக்கு வரட்டுமா, இல்லை பிரிஸ்டலில் குவெண்டா சித்தி வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். போன வாரம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் வைத்திருந்த பதில் ஒன்று, இப்போது வைத்திருப்பது வேறு. அது எப்படி மாறியது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடுகிறது. நீ அங்கே சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்பதைப் படித்துச் சிரித்தேன். வீட்டில் முட்டை வேகவைக்கத் தெரியாதவன் முந்நூறு பேருக்குச் சூப் காய்ச்சுகிறானாம். அந்த முந்நூறு பேரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. சரி, கை சுடாமல் பார்த்துக்கொள்.

சர்ச்சுக்குக் கீழே வாய்க்கால் அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. பண்ணைக்காரர் காலின் டிராக்டரோடு வந்து ஒருநாள் முழுக்கச் சேற்றை வாரினார். பஸ் நிழற்குடைக்குப் புதுக் கூரை போட்டாயிற்று. பழைய கூரை ஒரு மூலையில்தான் ஒழுகும், இது எல்லாப் பக்கமும் ஒழுகுகிறது. ஊர் மன்றத்துக்கு இன்னும் ஆட்ரி அம்மாள்தான் தலைவி. ஆர்தர் இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறார், அதனால் ஐந்து உறுப்பினர்களில் இப்போது கூட்டத்துக்கு வருவது நாலு பேர். செயலாளராக ஹெதர் என்று ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். வெளியூர்க்காரி. விதிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற ரகம்.

இன்னும் மன்றத்தில் இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன். அந்த விபத்து நடந்த மறுவாரமே விலகல் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆட்ரி அம்மாள் வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு, காரை ஓட்டியது நீ இல்லையே என்றார். மெர்வினும் விலகவில்லை. மகள் ரோவினாவைப் பறிகொடுத்த மனுஷர் ஏன் விலக வேண்டும்? ஆக, அவள் போனதிலிருந்து அவரும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம், அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். எனக்கு ஒரு தாளைத் தர வேண்டுமென்றால் காலினிடம் கொடுத்து அனுப்புவார். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ரோட்டு வளைவு ஆஷ் மரத்தைப் பற்றி உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நீ குடித்துவிட்டு ஓட்டிவந்த கார் அந்தப் பெண்ணை அடித்தது அதன் அடியில்தான். ஞாயிறு தவறாமல் மெர்வின் அதில் ஒரு ரிப்பன் கட்டிவந்தார். மற்றவர்களும் பொம்மை, பூங்கொத்து, அவள் போட்டோ என்று கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். மழையில் நனைந்து எல்லாம் சாயம்போய்த் தொங்கின. அந்த மரத்துக்கு நோய் வந்துவிட்டது. நம் பக்கத்து ஆஷ் மரங்கள் எல்லாவற்றுக்கும் வருகிற அதே நோய்தான். ஜனவரிக் காற்றில் பெரிய கிளை ஒன்று முறிந்து நடுரோட்டில் விழுந்தது. வந்து பார்த்த மர நிபுணர், பறவைகள் கூடு கட்டுவதற்குள் வெட்டியே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரோட்டோரம் மன்றத்துடையது, முடிவும் மன்றத்துடையது. ஆனால் மெர்வினை வைத்துக்கொண்டு வெட்டலாம் என்று யார் வாயைத் திறப்பது? கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை இனித் தள்ள முடியாது என்றானது. ஹெதர் எழுந்து விதியைப் படித்தாள். எந்த விஷயம் ஒருவரைச் சொந்தமாகத் தொடுகிறதோ அவர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதிதான். காலினின் வேலித் தகராறு வந்தால் அவர் வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வருவார். மெர்வின் எழுந்தார். நானும் எழுந்தேன். வெளியே கொட்டுகிற மழை. ஊர்க்கூடத்தில் ஒதுங்குவதற்கு இருப்பது அந்தச் சின்னச் சமையலறை ஒன்றுதான். அங்கே போய் இரண்டு பேரும் நின்றோம்.

அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தார். நான் கோப்பைகளை எடுத்தேன். தண்ணீர் கொதித்தது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த மரத்துக்குப் போக எனக்கு இப்பல்லாம் காலே வரல, எனிட். நிறுத்திட்டா மகளை மறந்துட்டேன்னு ஆயிடும். மன்றமே வெட்டிடுச்சுன்னா என் பொறுப்பு இல்ல பாரு.”

அப்படி யாரும் சொல்லமாட்டார்கள் என்றேன். “நானே சொல்லுவேன்” என்றார்.

டீயை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பையன் எப்போது வருகிறான் என்று கேட்டார், உன் பெயரைச் சொல்லவில்லை. மே மாதம் என்றேன். வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான், நான் பிரிஸ்டலுக்கு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். உண்மையில் அதுதான் என் முடிவாக இருந்தது, மகனே. உனக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இந்த ஊர் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். மெர்வின் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். அப்புறம் அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

“அங்க அனுப்பினா நல்லதுன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அவன் எங்கயோ இருந்தா, சந்தையில, ஸ்டேஷன்ல, எங்க திரும்பினாலும் வந்து நிப்பானோன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். இங்க இருந்தா, இங்கதான் இருக்கான்னு தெரியும். மன்னிப்பு கின்னிப்புன்னு யாரும் என் வாசலுக்கு வர வேண்டாம். ஆனா ராத்திரியில பதுங்கி வந்து மாடியில உக்காந்துக்கிட்டான்னா அதை என்னால தாங்க முடியாது. பகல்ல வரட்டும். எந்த நாள்னு முன்கூட்டி எங்கிட்ட சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். அதற்குள் கதவு திறந்தது. ஆட்ரி அம்மாள் முகம் சிவந்துபோய் நின்றார். “ரெண்டு பேரும் உள்ள வாங்க. மூணு பேர் இல்லாம கூட்டமே செல்லாதாம். எங்களை உக்கார வச்சுட்டு இப்பதான் மகராசி கண்டுபிடிச்சிருக்கா.” எங்களை வெளியே அனுப்பிய பிறகு உள்ளே இருந்தது அவரும் காலினும் மட்டும்தான். ஒரு பேச்சும் பேச முடியாமல் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஹெதர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அழும் நிலைக்கு வந்துவிட்டாளாம். வேறு வழியில்லாதபோது, கேட்டு எழுதிக் கொடுத்தால் உட்கார அனுமதிக்கலாம் என்று அதே புத்தகத்தில் இன்னொரு விதி இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். யாருக்கு அந்த மரம் ரொம்பச் சொந்தமோ அவர்கள் இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்று ஆகிவிட்டது.

யாராவது முன்மொழியுங்கள் என்றார் ஆட்ரி அம்மாள். மெர்வினே எழுந்தார். மரத்தை வெட்டிவிடலாம், அதில் கட்டியிருப்பதை நான் எடுத்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் பெஞ்சு கல் என்று எதுவும் வைக்க வேண்டாம், புல் வளரட்டும் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வழிமொழிய ஆள் வேண்டும். நம் மன்றத்தில் தலைவர் வழிமொழிகிற வழக்கம் இல்லை. காலினைப் பார்த்தோம். மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றை இழுத்துப் போடுகிற மனுஷர், நகத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டார். ரோவினாவின் மரத்தை வெட்டச் சம்மதித்தவன் என்று பேர் வாங்க அவருக்கு மனசு வரவில்லை, குற்றம் சொல்ல முடியாது. வழிமொழிய ஆளில்லாவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும், மெர்வின் மறுபடி ஞாயிறுதோறும் அந்த மரத்துக்குப் போயாக வேண்டும். மெர்வின் மேஜையின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தார். அது நடந்த நாளிலிருந்து என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். எனக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்று யோசிக்கவில்லை.

“நான் வழிமொழியறேன்” என்றேன்.

ஹெதர் இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நாலு பேரும் கை தூக்கினோம். அடுத்தது நாய்க் கழிவுத் தொட்டியை எங்கே வைப்பது என்கிற விஷயம். அதற்கு முக்கால் மணி நேரம் சண்டை.

நேற்று மரம் விழுந்தது. ஆட்கள் வருவதற்கு முன்பே மெர்வின் ஏணியோடு வந்து ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அறுக்கவில்லை, அவிழ்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மரம் போன பிறகு அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. நம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து இப்போது அவர் வீட்டு வாசல் அப்படியே தெரிகிறது. அங்கிருந்து பார்த்தால் நம் வாசலும் தெரியும்.

ஆகவே என் பதில் இதுதான்: வீட்டுக்கு வா. சுலபமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், கடையில் பேச்சு நின்றுவிடும். அதெல்லாம் நாம் சகிக்க வேண்டியதுதான், அதில் புலம்ப நமக்கு உரிமையில்லை. குவெண்டா சித்திக்கு நான் எழுதிக்கொள்கிறேன்.

தேதி தெரிந்தவுடன் எழுது. நான் போய் மெர்வினிடம் சொல்ல வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன். டாக்ஸி பிடித்து வாசலில் வந்து இறங்காதே. மத்தியான பஸ்ஸில் வந்து மேட்டு நிறுத்தத்தில் இறங்கு, நான் அங்கே நிற்பேன். அங்கிருந்து நடப்போம். வளைவில் கொஞ்சம் நில், பிறகு வா. அவர் ஜன்னலில் நிற்பாரோ மாட்டாரோ தெரியாது. நின்றால், பார்த்துக்கொள்ளட்டும். நீயும் ஓடாதே. என் முழங்காலைச் சாக்காக வைத்துக்கொண்டாவது, மெதுவாக என் பக்கத்தில் நடந்து வா, கண்ணே.

ஆண்டவர் உன்னைப் பகல் வெளிச்சத்தில் கொண்டுவந்து என்னிடம் சேர்க்கட்டும்.

உன் அம்மா,
எனிட்