முட்டைப்பந்துக்காரன் மடி

ஆவணி 2, புதன்
விடாத சாரல். எஸ்டேட் ஆபீஸ் கூரை மறுபடி ஒழுகல். மத்தியானம் துரை கூப்பிட்டனுப்பினார். கல்கத்தாவில் சிலோனுக்கு எதிராக இந்தியாவுக்கு ரக்பி மேட்ச். பதினைந்து பேரில் என் பெயரும். போன வருஷம் கொழும்பில் ஆடியது ஒன்று, இது இரண்டாவது. கிளப்பில் ஆள் குறைந்த ஒரு நாள், கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்த்த என்னைக் களத்தில் இறக்கிவிட்டவரும் இதே வெள்ளைக்காரர்தான். முழங்கால் போகிற போக்கில் இதுதான் கடைசி. அவருக்கும் தெரியும்.
வாங்க: பூட்ஸ் லேஸ், நீலகிரித் தைலம், சவரக் கத்தி.

ஆவணி 5, சனி
கம்பம். அக்கா வீடு. அவள் மகளுக்கு வருகிற 20ஆம் தேதி காதுகுத்து, தேவாரம் பக்கத்துக் குலசாமி கோயிலில். மேட்சும் அன்றைக்கே. தம்பி செல்வம் தேனியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான், அவனும் தாய்மாமன்தானே, அவன் மடியில் வைத்துக் குத்தலாமே என்றேன்.
"குத்துக்கல்லாட்டம் மூத்தவன் நீ இருக்கையில இளையவன் மடியா? என் மாமியா சும்மா விடுவாகளா? முட்டைப்பந்து வெளாடப் போறேன்னு வராம இருந்தேன்னு வையி, ஒன்னையத் தலை முழுகிருவேன்."
சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. வெட்கமில்லாமல் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.
திரும்பும்போது திராட்சை மண்டி வாசலில் மச்சான் குரல், யாரிடமோ: "காசே வாங்காம அடி வாங்கப் போறான்யா. மாட்டுக்காச்சும் புல்லு வைப்பாக." எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்து வைத்தேன். மானங்கெட்டவன்.

ஆவணி 8, செவ்வாய்
துரையிடம் வரவில்லை என்று சொன்னேன். "காது குத்தவா?" திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சிரிப்பு. இனிக் கூப்பிட மாட்டார். என் இடத்தில் மூணாறுப் பக்கத்துப் பொடியன் ஒருவன். ஸ்கிரம் என்றால் எட்டுப் பேர் தலையைக் கோர்த்து, எதிரே எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். அவன் கழுத்து முறியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்சமும் வருத்தமில்லை.

ஆவணி 19, சனி
மழை இல்லை, காற்று. சீர் சாமான்: பட்டுப்பாவாடை, கம்மல், மாலை, பழத்தட்டு ஐந்து. பூ தேவாரத்தில் வாங்க வேண்டும்.
சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் முகம். மூக்கு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. முன்பல் இரண்டு கொழும்பில் போனவை. இடது காது ஸ்கிரம்மில் உரசி உரசி வீங்கி இறுகி, கருகிய பணியாரம். இதைக் கொடுத்தா அந்த இடத்தை வாங்கினேன்? போகட்டும். நாளை மடியில் பிள்ளை. அதற்காவது ஆனேன்.

ஆவணி 20, ஞாயிறு
மொட்டை முடிந்து பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். கைக்குழந்தையாய் இருக்கையில் பார்த்தது, அன்றைக்குக் கம்பம் போனபோதும் தூக்கம், என்னைத் தெரியாது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. ஒரே அலறல். மூச்சு நின்று முகம் நீலம் பாரித்துவிட்டது. ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.
அக்காவின் மாமியார்: "ஏத்தா, காது குத்துற நேரத்துல இந்தக் காதையா பிள்ளை பாக்கணும்? அவனை எந்திரிக்கச் சொல்லு."
அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. "ஏலே செல்வம், நீ வந்து உக்காரு."
செல்வம் வேட்டியை உதறிக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல மழமழ முகம். பிள்ளை அடங்கிவிட்டது. கம்பி ஏறும்போது மட்டும் அழுதது. பட்டுப்பாவாடைத் தட்டோடு நான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கிடாக் கறி வேகும் பக்கம் போய் நின்றேன். போட்டோவுக்குக் கூப்பிடவில்லை.
பந்தியில் அக்கா வந்தாள். ஈரலாகப் பார்த்து இலையில் வைத்தாள்.
"நீ அந்த ஆட்டத்துக்கே போயிருக்கலாம்ல தம்பி" என்றாள்.