மாடி வெயில் யாருக்கு

என் அன்புக்குரிய ஜோஸ்பின் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது; கோயிலில் உங்கள் வருஷப் பூசை நல்லபடியாக முடிந்தது. சாமியார் பிரசங்கத்தில் உங்களைக் கை நிறையக் கொடுத்தவர் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. மாடித் தோட்டத்தில் பளபளவென்று காய்த்த கத்தரிக்காயெல்லாம் உப்பளம் பேட்டையில் நம் தெரு முழுக்கப் போனது. புழு விழுந்தது மட்டும்தான் என் அரிவாள்மணைக்கு வந்தது.

"நல்ல காயா பாத்துதான் அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். நமக்கு எது இருந்தாலும் ஆவும்" என்பீர்கள். அந்த 'நமக்கு' யார்? நீங்கள் சாப்பிட உட்காரும்போது சொத்தையெல்லாம் போய்க் குழம்புதான் தெரியும். சொத்தையைச் சுற்றிச் சுற்றி நறுக்கியது நான்.

பிரான்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த சிப்பாய், ஊரே சொல்தா என்று கூப்பிட்ட ஆள் நீங்கள். ஒரு புழுவை நசுக்க உங்களுக்குக் கை வரவில்லை. கத்தரிச்செடியின் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? "கிள்ளினா செடி நோவும்" என்று பதில் வரும். அதற்குப் பதிலாக என் சமையலறையிலிருந்து இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் காணாமல் போகும். என் மிக்சி ஜாரிலேயே அரைத்து, வேப்பெண்ணெய் கலந்து தெளிப்பீர்கள். மறுநாள் தேங்காய்ச் சட்னி கசக்கும். வெண்டைச்செடி மாவுப்பூச்சி அதைத் தாண்டியும் சுகமாக இருந்தது.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். வெயிலை மன்னிக்க முடியவில்லை.

தக்காளியும் மிளகாயும் ஒரே வாரத்தில் சேர்ந்து காய்க்கும். தெருவே வேண்டாம் என்று சொன்ன பிறகு மிச்சத்தையும் சொத்தைக் கத்தரியையும் கூடையோடு கொண்டுவந்து என் முன்னால் கவிழ்ப்பீர்கள். "வீணாக்காம எதாச்சும் பண்ணு." என்ன பண்ணுவது? தக்காளித் தொக்கு கிளறலாம். மோர் மிளகாய்க்கும் கத்தரி வத்தலுக்கும் வெயில் வேண்டாமா? மாடியில் காலையிலிருந்து வெயில் விழும் கைப்பிடிச்சுவர் ஓரத்தை உங்கள் செடிப் பைகள் பிடித்துக்கொண்டன. என் வத்தலுக்குக் கிடைத்தது தண்ணீர்த் தொட்டி நிழல். மத்தியானம் கடல் காற்று வந்துவிட்டால் அதுவும் நமத்துப் போகும். நாலு பையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டேன். "செடிக்கு உயிர் இருக்குது, வத்தலுக்கு என்னா இருக்குது?" என்றீர்கள். வருஷா வருஷம் பூஞ்சை பிடித்ததை நான் குப்பையில் கொட்டினேன். அப்போது மட்டும் வீணாகிறதே என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

இப்போது நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பட்டாளத்துச் சிநேகிதர் அந்துவான் அண்ணனுக்கு மாடிச் சாவி ஒன்று கொடுத்திருந்தீர்கள் அல்லவா? நீங்கள் போன பிறகும் தினமும் காலையில் வெளிப்படியேறி வந்து தண்ணீர் ஊற்றினார். பாவம், துக்கத்தை ஆற்றிக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன். அப்புறம் காய் பறிக்க ஆரம்பித்தார். நல்லதெல்லாம் அவர் பையில் போய், உங்கள் பேரைச் சொல்லித் தெருவுக்குப் போனது. ஒருநாள் என் சமையலறை மேடையில் ஓட்டைக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைத்தார்.

"அவரு இருந்தா இப்படித்தான் பண்ணியிருப்பாரு தங்கச்சி" என்றார்.

"அவருதான் இல்லியே அண்ணே. சாவியக் குடுத்துட்டுப் போங்க."

"என்னா தங்கச்சி இப்படிப் பேசுற? என் சிநேகிதன் தோட்டம் அது."

"என் வீட்டு மாடி அண்ணே."

சாவியை மேடையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்கே கதவுக்கு வேறு பூட்டு போட்டேன்.

சாயங்காலமே பிரான்சிலிருந்து உங்கள் மகள் ஜோஸ்பின் கூப்பிட்டாள். "மம்மா, அந்துவான் மாமா போன் பண்ணி அழுவுறாரு. அப்பா ஞாபகமா அந்தத் தோட்டம் ஒண்ணுதானே இருக்குது. திறந்து விட்டுடேன்."

"உங்கப்பா ஞாபகத்த நான் அரிவாமணையில உக்காந்து நறுக்கியிருக்கேன்டி. போன வை" என்றேன்.

மறுநாள் பைகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். இடுப்பு விட்டுப்போனது. மாவுப்பூச்சி அப்பிய வெண்டையைப் பிடுங்கிக் கொளுத்தினேன். கத்தரியை மட்டும் பாதி வெயில் விழும் பக்கமாக வைத்து, வாடிய நுனியையெல்லாம் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். எந்தச் செடிக்கும் நோகவில்லை. அடுத்த காய்ப்பில் சொத்தையே இல்லை. தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

எதையும் கழிக்காமல் முழுக்காயையும் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, கைப்பிடிச்சுவர் ஓரத்தில் என் பழைய புடவையை விரித்துக் காயவைத்தேன். மடக்கினால் ஒடிகிற அளவுக்குக் காய்ந்தது. வறுத்து, ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன்.

நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். இத்தனை வருஷமும் நான் சொன்னதுதான் சரி என்று தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து அதைத் தின்று, வாய் அடைத்துப்போக வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். சண்டையில் பாதியில் எழுந்து போவது என்ன நியாயம்? அந்த வத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மாடியைத் திறந்துவிட மாட்டேன். அது என் வெயில். ஆனால் கல்லறையில் உங்கள் பக்கத்திலேயே எனக்கும் இடம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நிச்சயம் வருவேன். வந்து படுத்ததும் முதல் பேச்சு இதுதான். தூங்குகிற மாதிரி நடிக்கக் கூடாது.

கோபம் கொஞ்சமும் குறையாத,
உங்கள் பெண்டாட்டி