எலுமிச்சை இலையில் எச்சம்

ஜூன் 4
பால்கனி எலுமிச்சைச் செடியில் இன்றும் பறவை எச்சம். ஈரத்துணியால் துடைத்தேன். குட்டி என் கையைப் பிடித்து இழுத்து ஒரே வீறிடல். இரண்டரை வயது. வாயில் இன்னும் ஒரு சொல் வரவில்லை. அழுகை மட்டும் தெருக்கோடி வரை கேட்கிறது.

ஜூன் 5
டாக்டர் கேட்டார்: "ஏதாவது பிடிச்சிருந்தா உங்களுக்கு விரல் நீட்டிக் காட்டுவாளாம்மா?" இல்லை என்றேன். "ஒரு மாசம் நல்லா கவனிச்சுட்டு வாங்க." காட்டாத குழந்தை என்றால் என்ன அர்த்தம் என்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

ஜூன் 8
மறுபடி எச்சம். இவர் சிரிக்கிறார்: "பால்கனிக்குத்தான் வலை கட்டியாச்சே. புறா எப்படி உள்ள வந்துச்சு, டிக்கெட் எடுத்துக்கிட்டா?"
அதானே?

ஜூன் 9
துடைக்கப் போனேன். எச்சம் நகர்ந்தது.

ஜூன் 10
புழுவாம்! பறவை தின்னாமலிருக்க எச்சம் போல வேஷம். பறவைக்குப் போட்ட வேஷத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். இதுவரை எத்தனையைத் துடைத்துப் போட்டேனோ, பாவி.
எந்த வண்ணத்துப்பூச்சியின் புழு? எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா? இரண்டும் எலுமிச்சையில் முட்டையிடுமாம், சின்னதில் இரண்டும் ஒரே மாதிரியாம். எனக்கென்று வந்து வாய்க்கிறதே.

ஜூன் 13
கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு ஒரு வண்ணத்துப்பூச்சி வலைக்கண் வழியே நுழைந்தது. பின்னாலேயே சிவப்புத் திட்டோடு வேறொன்று. செடியில் பூவே இல்லை. ஆனாலும் சிவப்புக்காரி இலை இலையாகக் காலால் தட்டித் தட்டி முட்டையிட்டாள். தேடினால், இரண்டுமே கறிவேப்பிலை அழகிதானாம்! பெண்ணில் சிலது இப்படி, சிலது அப்படி. அப்போது "இப்படித்தான் இருக்கும்" என்று எதை வைத்துச் சொல்வது?

ஜூன் 17
புழு பச்சையாகிவிட்டது. குட்டி தொட்டாள். புழுவின் தலையிலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பு, குப்பென்று நாற்றம். "ஐயோ, விடுடி!" என்று அலறி அவள் கையைக் கழுவினேன். விஷமில்லையாம். அவள் பயப்படவே இல்லை. ஒரு கையால் என்னை இழுத்தாள், இன்னொரு கை இலைப்பக்கம்—
அன்று துடைக்கும்போதும் இழுத்தாளே. அப்போது அந்த இன்னொரு கை எங்கே இருந்தது? நான் துணியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20
கூடாகிவிட்டது. துணியை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை.

ஜூலை 2
சமையலறைக்கு வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் பால்கனியை நோக்கி நீண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அவள் காட்டிய இடத்தைப் பார்த்தேன். காலிக் கூட்டில் தொற்றியபடி, ஈரம் காயாத சிறகு. ஓரத்தில் சிவப்புத் திட்டு.
குட்டி செடியைப் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
டாக்டரிடம் என் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டும்.